கடைமடைக்காரி

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் வெட்கமா இல்ல? நாங்க பட்டினி கிடந்து போராடுறோம். நீங்க பாட்டுக்கு ரயிலேறி வந்து எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறீங்களே!"

வரப்பில் நின்று ரெத்தினம் போட்ட சத்தம் பூதலூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

கழக ஆட்சி வந்த புதுசு. கூலிநெல்லில் ஒரு படி கூட்டிக் கேட்டு, உள்ளூர் ஆட்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. மிராசுதார் மசிவாரா? கடைமடையிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து நடவுக்கு இறக்கிவிட்டார். ஆற்றுத் தண்ணீர் பூதலூரைத் தாண்டி, கடலோரத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர எப்படியும் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் அங்கே ஏது வேலை, ஏது சோறு?

"தண்ணி வந்த ஊர்லதானேண்ணே வேலை இருக்கு" என்றாள் அவர்களைக் கூட்டி வந்த அம்சம், குனிந்து நட்டபடியே.

"பேசாதடி! அதுக்குப் பிச்சையெடுத்துத் திங்கலாம்."

குடையோடு நின்ற, மிராசுதாரின் காரியக்காரர் வைத்தியலிங்கம் சிரித்தார். "அவன் கத்தட்டும். நீ நடு தாயி."

ரெத்தினத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு கைச் சேற்றை அள்ளி வீசினான். அம்சத்தின் முகத்தில் சப்பென்று விழுந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த நாற்றை எடுத்தாள்.

"மானங்கெட்டவ!" காறித் துப்பிவிட்டுப் போனான்.

சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு அந்தப் பெண்கள் ரயிலேறிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் வயலுக்குத் தண்ணீர் வைத்தார்கள். அவ்வளவுதான்! நட்ட நாற்றெல்லாம் மிதந்து வரப்போரம் ஒதுங்கிவிட்டது.

வைத்தியலிங்கம் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார். "நாத்து வீணாப் போகுதப்பா! நீங்க கேட்ட படியை மிராசுதார் கொடுத்துடறேங்கிறார். சீக்கிரம் வந்து எறங்குங்க."

தெருவே கூத்தாடியது.

"கடைமடைக்காரிகளுக்கு நடவே தெரியலடா!"

"எப்படித் தெரியும்? நம்ம ரெத்தினம் போட்ட போட்டுல கை நடுங்கியிருக்கும்!"

அவன் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு, வாழ்க கோஷத்தோடு வயலுக்கு அழைத்து வந்தார்கள்.

மிதந்த நாற்றை அள்ளிக்கொண்டிருந்த அவன் அக்கா ராமாயி, அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, நடத் தெரியாதவ நட்டா அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் மிதக்கும். இங்க ஒரு நாத்துகூட நிக்கலை பாரு. வேரு சேத்துக்குள்ள போகாம, மேலாக்க வச்சிட்டுப் போயிருக்காளுக. வேணும்னேதான். அவங்க பிள்ளைகளுக்கும் கஞ்சியாச்சு, நம்மளையும் காட்டிக் கொடுக்கலை."

ரெத்தினம் மாலையைக் கழற்றினான். அதை எங்கே வைப்பதென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"எப்படிச் சொல்லுவா? காரியக்காரர் பக்கத்துலயே நின்னாரு. நீயும் வாயை மூடலையே!"