உட்கார நேரமுள்ளவள்

போர்கில்ட் அத்தைக்குத் தொண்ணூறு வயது. வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களையெல்லாம் போனில் கூப்பிட்டேன். அத்தைக்காக ஒரே கேள்விதான் கேட்டேன்: வருகிறவர் கொஞ்ச நேரம் உட்கார்வாரா?

"குளிப்பாட்டுவோம், மாத்திரை குடுப்போம். உக்கார நேரமிருக்காதுங்க" என்றார்கள். ஒருவர் மட்டும் "சொல்லிப் பாக்குறேங்க" என்றார். அந்த நிறுவனத்தையே அமர்த்தினேன்.

ஒரு வாரம் கழித்து அத்தையைப் பார்க்கப் போனேன். நார்வேயின் பெர்கன் நகரில் வழக்கம்போல மழை. நனைந்த பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தபோது, பக்கத்தில் ஒரு ஜோடி பழுப்பு நிறப் பெண்கள் ஷூ இருந்தது. அதில் பொட்டு ஈரமில்லை.

அத்தை தலை பின்னி உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டிருந்தாள். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"பாத்திரம் கழுவுறா. நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்கடீ. காலையில வந்தா இருட்டினப்புறந்தான் போறா."

அப்போது என் போன் அடித்தது. அந்த நிறுவனம்தான்.

"மன்னிக்கணும், இன்னும் ஆள் அமையலைங்க. வர்ற திங்கக்கிழமை கட்டாயம் அனுப்பிடுறோம்."

சமையலறையில் தண்ணீர் நின்றது. அத்தை என் முகத்தையே பார்த்தாள்.

"வேண்டாம். ஆள் வந்தாச்சு" என்று சொல்லி போனை வைத்தேன். தண்ணீர் மறுபடி ஓடியது.

"உன்னப் பத்தியும் விசாரிச்சா" என்றாள் அத்தை. "ஒண்டியாத்தான் இருக்கான்னு சொன்னேன். எனக்கப்புறம் உங்கிட்ட வர்றாளாம். அவளுக்கென்ன அவசரம்."

கிளம்பும்போது வாசலில் குனிந்தேன். என் பூட்ஸுக்குள் யாரோ பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஹீட்டர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். எனக்கு அப்படிச் செய்ய ஆள் இருந்து எத்தனையோ வருடமாகிறது.

தாளை எடுத்துவிட்டுக் காலை நுழைத்தேன். கதகதப்பாக இருந்தது.