வண்டிக்குப் பின்னால் ஓர் எண்

"இன்னிக்கு ஒரு டிரைவராவது வேலையை விட்டுப் போகணும். இல்லேன்னா நீ போற!"

கிளை அலுவலகத்துக்குக் கிளம்பிப் போயிருந்த முதலாளி, செல்போனில் மிரட்டினார். முப்பது பார்சல் வண்டிகளுக்கும் ஒரே புகார் மேஜை, அதில் அவள் ஒருத்தி. எந்தப் புகார் வந்தாலும் அவள் மன்னித்துவிடுவதால் ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'போனாப்போகுது அக்கா'.

"நேத்து தாறுமாறா ஓட்டினவனுக்கு மூணு பொண்ணு சார், பாவம்..." என்று இழுத்தாள்.

"பாவமாவது புண்ணியமாவது! பாரபட்சம் பார்க்காம, கம்பெனி வண்டி ஒண்ணு விடாம, பின்னாடி உன் நம்பரை எதுக்கு எழுதி வச்சேன்?"

மேஜைத் தொலைபேசி அடித்தது.

"எடு, நான் லைன்லயே இருக்கேன். எவனா இருந்தாலும் தூக்கிடு!"

இடது காதில் முதலாளி இருக்க, வலது காதில் ஒரு பஸ் கண்டக்டர் வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, வண்டிக்கு டிரைவர் வச்சிருக்கீங்களா, எமனை வச்சிருக்கீங்களா? போன் பேசிக்கிட்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுறான். எங்க டிரைவர் பிரேக்கை மிதிக்கலேன்னா அம்பது பேரும் பள்ளத்துல கிடந்திருப்போம்!"

அவள் மனமில்லாமல் பேனாவை எடுத்தாள். யார் வீட்டு அடுப்பில் பூனை தூங்கப் போகிறதோ?

"வீட்ல ஏதாவது அவசரமா இருக்கும்ணே..."

"என்ன அவசரம்?" முதலாளி சீறினார். "யாருன்னு கேளு!"

"இப்பப் பாருங்க, யார்கிட்டயோ கத்துறான்" என்றார் கண்டக்டர். "வழியும் விட மாட்டேங்கிறான். டிரைவரண்ணே, இன்னொரு தடவை ஹாரன் அடிங்க!"

பாம் என்று நீளமாக ஒரு சத்தம். அவளுக்கு இரண்டு காதும் அடைத்துப் போயின.

வண்டி எண்ணைக் கேட்டு எழுதினாள். எழுதியதை ஒரு முறை பார்த்தாள். காலையிலிருந்து இருந்த பயமெல்லாம் போய், சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாகிவிட்டது.

"நம்பர் கிடைச்சுதா? யாரும்மா அவன்?" முதலாளி துடித்தார். "இந்தத் தடவையும் போனாப்போகுதுன்னு விட்டே, தொலைச்சிடுவேன்!"

"விடவே மாட்டேன் சார். நீங்க முதல்ல வண்டியை ஓரமா நிறுத்துங்க."