கூட ஒருவர்

"வாங்க தம்பி, நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?"

மூச்சு முட்டுகிறது என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட வீட்டில் கேட்கிற கேள்வியா இது? மூன்று மாடி ஏறி வந்த ஆம்புலன்ஸ் ஊழியர் அய்யாதுரைக்குச் சலிப்பாக இருந்தது. காலையிலிருந்து இது ஒன்பதாவது வீடு. 'வீட்ல ஹார்ட் ஃபெயிலியர் பேஷண்ட் இருக்காங்க, சீக்கிரம் வாங்க' என்று போனில் சொன்னதும் இதே குரல்தான்.

அப்படிக் கேட்ட மர்சலின் டீச்சர் கட்டிலில் படுத்தபடி முனக ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் கணவர் வால்டர்.

"மூணு நாளா எனக்கு இந்த நாற்காலிலயேதான் தூக்கம். இதுல இவ வேற," என்றார் வால்டர்.

அய்யாதுரை டீச்சரின் விரலில் கருவியை மாட்டினார். ஆக்ஸிஜன் தொண்ணூற்றெட்டு. நாடித் துடிப்பும் ஒழுங்கு. கொட்டிவாக்கம் பக்கம் எவருக்கோ உண்மையாகவே நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

"அம்மா, உங்களுக்கு எல்லாம் நார்மலாதான்..."

டீச்சர் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "நெஞ்சு வலிக்குது தம்பி. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

நெஞ்சு வலி என்றால் விட்டுவிட்டுப் போக முடியாது.

"ஆட்டோல போனா ஆகாதா? பில்டிங்கே எட்டிப் பாக்கும்," என்று கடுகடுத்தார் வால்டர். "நானா இருந்தா செத்தாலும் ஆம்புலன்ஸ்ல ஏற மாட்டேன்."

"ஊருக்கே தெரியுமே உங்க வீராப்பு. கூட ஒருத்தர் வரணுமாம். பொண்டாட்டிய தனியா அனுப்பப் போறீங்களா?"

வால்டர் முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.

லிப்ட் இல்லாத கட்டடம். அய்யாதுரையும் டிரைவர் ஹபீபுர் ரஹ்மானும் டீச்சரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் டீச்சர், "கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்றார். கைப்பிடியைப் பிடித்தபடி வால்டர் வந்து சேர்ந்த பிறகுதான், "ம், போலாம்" என்றார்.

"இன்னா பாய் இது, சாமி ஊர்வலமா?" என்று அய்யாதுரை டிரைவரிடம் கிசுகிசுத்தார்.

"நின்னு நின்னு போறதுல என் இடுப்புதான் போய்க்கினு கீது," என்றார் ஹபீபுர் ரஹ்மான்.

கீழ்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வால்டர் தலையைக் குனிந்தபடி வண்டிக்குள் ஏறி ஓரமாக உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும் வண்டி சைரனோடு கிளம்பி, ராஜா அண்ணாமலைபுரம் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பியது.

மர்சலின் டீச்சர் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கணவரின் தோளைத் தொட்டார்.

"பேஷண்ட் இவர்தான் தம்பி, ஆக்ஸிஜன மாட்டுங்க."