தோட்டைத் தொட்டால் திரும்பணும்

லாட்ஜ் அறையில் பையை வைத்ததும் ஜன்னலைத் திறந்தேன். கீழே துறைமுகம். நாளைக் காலையில் நாங்கள் ஏறப்போகிற பாய்மரப் படகும் தெரிந்தது. இத்தனூண்டா என்று எக்கி எக்கிப் பார்த்தேன்.

வடக்கே இவ்வளவு தூரம் வந்துவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கும் வெயில் இறங்க மாட்டேன் என்கிறது. கடல்பறவைகள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. அதுகள் போடுகிற கூச்சலில் தூங்கவே முடியாது என்று முன்னால் வந்துபோனவர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அமைதியான ஊர்தான்.

எனக்குத்தான் அமைதி இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், பையைப் பிரித்தேன், மறுபடி கட்டினேன்.

எல்லாம் என் வீட்டுக்காரரின் காதை நினைத்துத்தான்.

முப்பது வருஷம் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்த மனுஷர். கடலில் இருந்தாரே தவிர கடலைப் பார்த்தவர் இல்லை. ரிட்டையரானதும் ஒரே ஒரு ஆசைதான்: இன்ஜின் சத்தமே இல்லாத படகில் ஐந்து நாள் போகவேண்டும்.

அதற்கும் அந்தப் பாழாய்ப்போன இன்ஜின்தான் குறுக்கே நின்றது.

இரண்டு வருஷமாகக் கவனித்து வருகிறேன். சமையலறையிலிருந்து எதையாவது கேட்டால் பதிலே இருக்காது. செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர் பேசுவதும் வரவர வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. நானோ தறி மில்லில் இருபத்தெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவள். அத்தனை தறிகளையும் மீறிக் கத்திய குரல் இது. இதுவே அவருக்கு எட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகுக்காரர்கள் அனுப்பிய கடிதத்தின் கடைசி வரியில் குண்டைப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை ஒவ்வொருவரையும் முதுகைக் காட்டி நிற்கவைத்து, கேப்டன் பின்னாலிருந்து கூப்பிடுவாராம். திரும்பாதவர் கரையிலேயே நிற்கவேண்டியதுதான். காற்று மாறும்போது பாயைத் தாங்கும் கட்டை சட்டென்று சுழன்று வரும். குனியச் சொல்லும் குரல் கேட்காவிட்டால் மண்டை தப்பாது.

அதனால்தான் நான் திட்டம் போட்டேன். அவருக்கு எதிரே நான் நிற்பேன். கேப்டன் கூப்பிட்டதும் என் காதுத் தோட்டைத் தொடுவேன். உடனே அவர் திரும்பவேண்டும். தில்லுமுல்லுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து நாளும் பக்கத்திலிருந்து நகராமல் நானே அவருக்குக் காதாக இருந்துவிட்டுப் போகிறேன்.

அறையில் ஐந்து தடவை ஒத்திகை பார்த்தோம். சமர்த்தாகத் திரும்பினார். பிறகு என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீயும் ஒரு தடவை நில்லு. நான் மூக்கைச் சொறிஞ்சா திரும்பணும், என்ன?"

எனக்கெதற்கு என்று சிரித்துக்கொண்டே நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

படகுத்துறையில் எட்டுப் பேர் காத்திருந்தோம். காற்று புடவையைப் பிய்த்தது. முதலில் அவர் முறை. நான் எதிரே போய், விரலைக் காதுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டேன். கேப்டன் பத்தடி தள்ளி நின்று, பெயர் எழுதிய அட்டையால் வாயை மறைத்துக்கொண்டார்.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

கூப்பிடுவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் திரும்பிவிட்டார். அவசரக்குடுக்கை! எல்லாம் போச்சு என்று பதறினேன்.

ஆனால் கேப்டன் தலையாட்டி, அட்டையில் டிக் போட்டார். குருட்டு அதிர்ஷ்டம். போட்ட திட்டத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது நான். அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக நின்றேன். அவர் எனக்கு எதிரே வந்து நின்று மூக்கைச் சொறிந்தார்.

இந்தக் குளிர்காற்றில் சளி பிடிக்கத்தான் செய்யும். மஃப்ளரை எந்தப் பையில் வைத்தேன் என்று யோசித்தேன்.

மறுபடி சொறிந்தார். அப்புறம் உள்ளங்கையால் மூக்கை அழுத்தித் தேய்த்தார். கண் இரண்டும் நிறைந்திருந்தன.

திரும்பினேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து வைத்திருந்தார்.

எத்தனை தடவை கூப்பிட்டாரோ, தெரியவில்லை.