சாம்பல் குளத்தில் கல் லாரி

“முழுகுறேன்! யாராவது வாங்க!” என்று கல் லாரி அலறியது. அனல்மின் நிலையம் ஈரச் சாம்பலைக் கொட்டிவைக்கும் குளத்தில் அதன் சக்கரம் பாதி புதைந்துவிட்டது.

“கல்லைக் கொட்டிட்டு ஏறி வாடா, மடையா!” கரையிலிருந்து கிரேன் கத்தியது.

“கொட்டாதண்ணே!” என்றது சாம்பல். “இத்தனை வருஷமா என்மேல ஒருத்தனும் நின்னதில்ல. இப்போதான் எனக்குள்ள மணல் தூண் இறக்கியிருக்காங்க. நீ அழுத்தினா அது வழியா என் தண்ணியெல்லாம் வெளிய போயிடும். பாரு, பாரு!”

நிஜமாகவே தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. லாரி தன் சக்கரத்தைப் பார்த்தது. இறங்குகிற வேகம் குறைந்தது, பொய் இல்லை.

“கெட்டியாகுறேன்ணே! என்மேல வீடே கட்டலாம்! இன்னும் கொஞ்சம் நில்லு!”

“அது கிடக்குது சேறு! கொட்டுடா!” என்றது கிரேன்.

லாரி கொட்டவில்லை.