ஓரத்துண்டு

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரி உள்ளே வந்ததும், தெருவின் எதிர்ப்பக்கம் நின்றவர்களின் பேச்சு சட்டென்று நின்றது.

பேக்கரிக்காரி கல்லாவை விட்டு எழுந்து நின்றாள்.

கடைக்குள் ஆள் வந்தே வாரக்கணக்காகிறது. ஈயாவது ஓட்டலாம் என்றால் ஈக்களும் கட்சி மாறிவிட்டன.

குடித்துவிட்டு ரொட்டி வண்டியை ஓட்டிய கொழுந்தன், பள்ளிக்கூட வாசலில் ஒரு சிறுமியைச் சாகடித்துவிட்டான். அவனுக்கு வக்கீல் வைத்திருப்பது இந்தக் கடையின் லாபம். அதில் தங்கள் காசு ஒன்றுகூடச் சேரக் கூடாது என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

"பன்னுக்குள்ள ஜாமா, வக்கீல் ஃபீஸா?" என்று சலூன்காரர் நேற்றுகூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

செத்துப்போன சிறுமி, தையல்காரியின் ஒரே மகள்.

"ஒரு ரொட்டி. வெட்டிக் குடுங்கக்கா."

அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு எட்டிப் பார்த்த கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

கேட்டுத் தீர்க்க வந்தாளா, காறித் துப்ப வந்தாளா? பேக்கரிக்காரிக்குப் பிடிபடவில்லை. ரொட்டியை இயந்திரத்தில் வைத்து விசையைத் தட்டினாள். கத்திகள் தடதடவென்று ஓடின.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. துண்டுகளைச் சேர்த்துப் பையில் போட்டது. ஓரத்துண்டை மட்டும் தனியே எடுத்தது. வெண்ணெய் தடவியது. மேசை விளிம்பில் வைத்தது.

வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மாவோடு வரும்போதெல்லாம் எம்பி நின்று அந்தத் துண்டை எடுக்கும் குட்டிக் கை இனி வராது.

தையல்காரியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்ட ஒன்றுமில்லாமல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

தையல்காரி மேசைமேல் சாய்ந்து, பேக்கரிக்காரியின் காதருகே வந்தாள்.

"வக்கீல் பாதியில விட்டுட்டுப் போறாராமே?"

"ஆமாம்மா. குடுக்க ஒண்ணுமில்ல."

"போக விடாதீங்க. பேச ஆளில்லாம தீர்ப்பு வந்தா, பாவம்னு சொல்லி மேல்கோர்ட்டுல விட்டுடுவாங்க. அவனுக்காகப் பேச வேண்டியதெல்லாம் பேசட்டும். ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது. பேசி முடிச்சப்புறமும் அவன் உள்ள போறத நான் பாக்கணும்."

காசை ஓரத்துண்டின் பக்கத்தில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். துண்டை எடுக்கவில்லை.

வாசலில் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக் கையசைத்தாள்.

"வாங்க. வந்து வாங்குங்க."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு சலூன்காரர் தெருவைக் கடந்தார். அவர் பின்னால் இன்னும் இருவர். "பெத்தவளே மனசு இறங்கிட்டா, நாம யாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

கணவர் புது ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மகராசி, மன்னிச்சுட்டாடி! என்ன சொன்னா? இந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல."

பேக்கரிக்காரி அப்போதுதான் இயந்திரத்தை அணைத்தாள்.