ஏழாம் வீட்டின் மூலை அறை

மாலை வகுப்பில், கிரேக்க நகரம் ஒன்றின் அகழாய்வை நேரலையில் பார்த்து ஆளுக்கொரு கட்டுரை எழுதுகிறோம். தமிழில் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பு இயந்திரம் அதை ஆய்வு ஆங்கிலமாக்கி ஆய்விதழுக்கு அனுப்பிவிடும்.

ஏழாம் வீட்டின் மூலை அறையில் கரி படிந்திருந்தது. "சமையலறையாக இருக்கலாம், இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும்" என்றேன். இயந்திரத்துக்குத் தயக்கம் பிடிக்காது. 'இது சமையலறையே' என்று கட்டுரை வெளிவந்தது. விடை கிடைத்துவிட்டதால் அறையை மண்போட்டு மூடப்போவதாக அகழாய்வுக் குழு அறிவித்தது.

பதறிப்போய், "எனக்கு உறுதியாகத் தெரியாது, மூடாதீர்கள்" என்று திருத்தம் அனுப்பினேன்.

இன்று மாலை பக்கத்து இருக்கை அமுதமொழி திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"உன் திருத்தம் வந்திருக்குடா. 'இது சமையலறை இல்லை என்பதில் ஐயமில்லை'ன்னு போட்டிருக்கு."

"மூடுறத நிறுத்திட்டாங்களா?"

"எதுக்கு நிறுத்தணும்? அதான் ரெண்டு தடவை நிரூபிச்சிட்டியே. பாவம், அந்த வீட்டுக்காரங்க இனி ஓட்டல்லதான் சாப்பிடணும்."

நானும் சிரித்துவிட்டேன். நேரலையில் அறைக்குள் மண்ணைக் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். மண் விழுந்து கரி விலகிய இடத்தில், பானையின் விளிம்பு போல வளைவாக ஏதோ தெரிந்தது.

உறுதியாகச் சொல்ல முடியாது.